நல்ல தண்ணீர் தின்ற தளம்

புதுக்கோட்டைப் பக்கம் தண்ணீரைப் பற்றிக் குறை சொல்லாத வீடு கிடையாது. போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. குடத்துக்குள் வெள்ளை படியும். ஹீட்டர் கம்பி கொஞ்ச நாளில் சுண்ணாம்புக் குச்சி மாதிரி ஆகிவிடும். தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பை எப்படி எடுப்பது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். சுண்ணாம்பை எப்படிச் சேர்ப்பது என்று இந்த ஊரில் யாரும் யாரிடமும் கேட்டதில்லை. எங்களுக்கு அப்படிக் கேட்க வேண்டிய நாள் ஒன்று வந்தது.

எங்கள் ஆஸ்பத்திரியில் தொட்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எந்த மருந்து எவ்வளவு, மோட்டார் எத்தனை நேரம் ஓட வேண்டும் என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். நான் எழுதியதில் எழுத்துப்பிழையை மட்டும் அங்கே வேலை பார்க்கிற தங்கச்சி ஒருத்தி திருத்திக் கொடுத்தாள். மருந்தளவு தெரிந்த பிறகும் கை தடுமாறுகிற நேரம் ஒன்று வரும். நான் சொல்ல வந்தது அந்த நேரத்தைப் பற்றி.

நான் வேலை பார்த்தது திருக்கோகர்ணம் தாண்டி ஒரு ட்ரஸ்ட் ஆஸ்பத்திரியில். கை கால் விழுந்தவர்களுக்கும் அடிபட்டவர்களுக்கும் தண்ணீருக்குள் வைத்து நடை பழக்குவதற்காக அங்கே ஒரு சின்ன நீச்சல் குளம் உண்டு. பெயர்தான் நீச்சல் குளம், அதில் யாரும் நீச்சல் அடித்ததில்லை. நெஞ்சளவு தண்ணீர், இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி, இறங்குவதற்குப் படி, சொரசொரப்பு இல்லாத சிமெண்டுத் தளம். நாங்கள் தொட்டி என்றே சொல்வோம். நார்த்தாமலையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த என்னைத் தொட்டிக்கு மாற்றினார்கள்.

எனக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்த பெண் என்னைவிட ரொம்பச் சின்னவள். என் மகள் வயதுகூட இருக்காது. திருச்சியில் படித்துவிட்டு வந்தவள். தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அதனால் போடவில்லை. அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளை ஆத்தா என்பேன். சுண்ணாம்புச் சத்து பார்க்கிற சோதனையை அவள்தான் காட்டினாள். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்துப் பொடியைப் போட்டால் சிவப்பாகும். பிறகு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஏதோ ஒரு சொட்டில் சிவப்பு போய் நீலம் வரும். அதுவரை எத்தனை சொட்டு விட்டோமோ அதுதான் கணக்கு. நம் ஊர் போர்த் தண்ணீருக்குச் சொட்டு விட்டே கை ஓய்ந்துபோகும்.

“அவசரப்பட்டு ரெண்டு சொட்டச் சேத்து விட்றாதீங்கக்கா. தண்ணி பொய் சொல்லாது. நம்ம கைதான் பொய் சொல்லும்” என்பாள்.

அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போன சமயத்தில் மேனேஜர் சார் ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்னர் வைத்தார். தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிற மெஷின் அது. சார் இரக்கமுள்ள மனிதர். தண்ணீர் பட்டால் உடம்பு அரிக்கிறது, முடி கயிறாகிறது என்று நோயாளிகள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு, தொட்டிக்கும் அந்தத் தண்ணீரையே விட ஏற்பாடு செய்தார். முதல் நாள் இறங்கியவர்கள் எல்லோரும் மேலே ஏறவே மனசில்லாமல் நின்றார்கள். நான் சோதனை செய்து பார்த்தபோது ஒரே சொட்டில் நீலம் வந்தது. சார் கண்ணாடிக் குழாயை வாங்கி நர்சுகளுக்கெல்லாம் காட்டினார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய வீடு மாதிரி இருந்தது அன்றைக்கு.

இந்தத் தப்பு இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் வரும். காலமெல்லாம் சுண்ணாம்பு அதிகமாகி அவதிப்பட்டவர்களுக்கு அது குறைந்தாலும் கெடுதல் என்று எப்படித் தோன்றும்? சுண்ணாம்புதான் துளியும் இல்லையே, இனி எதற்குப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சோதனையையே எல்லோருமாக விட்டுவிட்டோம். குளோரின் பார்ப்போம். தண்ணீர் புளிப்பா காரமா என்று பார்ப்போம். எல்லாம் சரியாக இருக்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஆவூரிலிருந்து அடைக்கலமும் அவர் மனைவி லூர்தும் வந்தார்கள்.

அடைக்கலம் கொத்தனார். வளைகுடா நாட்டில் பூச்சு வேலை பார்த்தவர். சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி. கால் ஒரேயடியாகச் சாகவில்லை. வலு போய்விட்டது, முழங்காலுக்குக் கீழே தொட்டால் தெரியாது. லூர்து பின்னாலிருந்து அணைத்துத் தூக்கித்தான் சக்கர வண்டியிலிருந்து இறக்குவாள், ஏற்றுவாள். அவள் தூக்கும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

நடை பழக்குகிற டாக்டரம்மா எல்லோரிடமும் முதல் நாள் ஒன்று கேட்பார். “மக கல்யாணத்துக்கு நடக்கணும்பாங்க, வேளாங்கண்ணிக்கு நடக்கணும்பாங்க. ஒங்களுக்கு எதுக்கு நடக்கணும், சொல்லுங்க.”

“கக்கூசுக்கு” என்றார் அடைக்கலம்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “சரி. அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்லைங்க. கக்கூசுக்கு நானா போகணும், நானா வரணும். இவளும் தூக்கித் தூக்கி இடுப்பு போயிருச்சு.”

“என் இடுப்பப் பத்தி நான் ஒங்கள்ட்ட வந்து சொன்னேனா?” என்றாள் லூர்து. “நீங்க ஒங்க காலப் பாருங்க.”

தண்ணீருக்குள் உடம்பு கனம் தெரியாது. கீழே நிற்க முடியாதவர் உள்ளே நிற்பார். லூர்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே நின்று அவருடைய இரண்டு கையையும் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்து போவாள். அவர் அவளைப் பார்த்து ஒவ்வொரு காலாக வைப்பார்.

“கல்யாணத்தன்னிக்கிக்கூட இம்புட்டு நேரம் எங் கையப் புடிக்கல இந்த மனுசன்.”

“அன்னிக்கி சாமியாரு பாத்துக்கிட்டு நின்னாரு.”

“இப்ப மட்டும் யாரும் பாக்கலையாக்கும். அக்கா நிக்கிறாங்கல்ல.”

“அக்கா தண்ணியப் பாக்குறாங்க. ஒன்னையவா பாக்குறாங்க.”

நான் வலையால் தூசி எடுக்கிற மாதிரி குனிந்துகொள்வேன். சில நாள் எடுப்பதற்குத் தூசியே இருக்காது.

கொஞ்சம் கொஞ்சமாக லூர்து ஒரு கையை விட்டாள். பிறகு மற்றதையும் விட்டாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாக ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போனார். வெளியே வாக்கரில் இரண்டு எட்டு வைத்தார். டாக்டரம்மா, “இப்படியே போனா கக்கூசு பக்கத்துலதான்” என்றார்.

அப்போதுதான் பாதத்தில் புண் வந்தது. பெருவிரலுக்கு அடியிலும் குதிகாலிலும் தோல் உரசி உரசிச் சிவந்திருந்தது. அவருக்கு வலி தெரியாது. வீட்டில் கால் கழுவும்போது லூர்துதான் பார்த்திருக்கிறாள். வண்டியின் கால் பலகை உரசுகிறது என்று நினைத்து அதில் துணி சுற்றினாள். டாக்டரம்மாவும் அப்படித்தான் நினைத்தார். உணர்ச்சி இல்லாத காலில் புண் வந்தால் அது லேசில் ஆறாது, புரையோடினால் காலையே எடுக்கும்படி ஆகும் என்று எச்சரித்தார். ரப்பர் செருப்பு போட்டுப் பார்த்தார்கள். செருப்புக்குள் பாதம் மடங்கிக்கொண்டது. கடைசியில் பருத்திக் காலுறை போட்டு இறங்கச் சொன்னார்.

கொஞ்ச நாள் கழித்து லூர்து அந்தக் காலுறையைப் பிழிந்து என் முன்னால் விரித்துக் காட்டினாள். அடிப்பக்கம் பூராவும் பொத்தல்.

“எலி கடிச்ச மாதிரி இருக்குக்கா. போன வாரம் வாங்குனது. வண்டில ஏறும்போது கழட்டிருவேன். தண்ணிக்குள்ள மட்டுந்தான் போடுறாரு.”

அடைக்கலம் படியில் உட்கார்ந்து இடுப்பு வரை தண்ணீரில் இருந்தார். நான் காலுறையை அவர் பக்கம் நீட்டினேன். அவர் பார்க்கவில்லை.

“என்ன மூஞ்சிய அங்கிட்டுத் திருப்புறீங்க?” என்றாள் லூர்து.

அவர் மறு முனைக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தாங்க. ஒங்களத்தான்.”

“தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

அவர் தண்ணீருக்குள் கையை விட்டுத் தான் உட்கார்ந்திருந்த படியைத் தடவினார். “தளம் போச்சு. மேல இருந்த சிமெண்டுப் பாலு பூராம் போயி மணலு தெரியுது. உப்புத்தாளு மாதிரி இருக்கு. கைய வச்சுப் பாருங்க.”

நான் கையை வைத்துப் பார்த்தேன். நாள்தோறும் பிரஷ்ஷால் தேய்க்கிற படிதான். பிரஷ் சீக்கிரம் தேய்கிறது, ஃபில்டரில் மணல் வருகிறது என்றெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வருகிறவர்கள் காலில் ஒட்டி வருகிற மண் என்று நினைத்திருந்தோம். கை வைத்த பிறகு சந்தேகம் இல்லை.

“எப்பருந்து தெரியும்?” என்றாள் லூர்து. குரல் தாழ்ந்திருந்தது.

“கொஞ்ச நாளாச்சு.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா மூடிருவாங்க.”

லூர்து அப்படியே ஈரப்படியில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் அவருடைய பாதத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவருக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

“இது போச்சுன்னா என்னத்த வச்சு நடப்பீங்க?” என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். “அக்கா, நீங்க ஒண்ணும் சொல்லிக்கிற வேணாம். இன்னும் ஒரு மாசம். ஒரே மாசம் விட்டீங்கன்னா நான் நின்னுருவேன். அப்புறம் மூடட்டும், இடிக்கட்டும்.”

பிள்ளைகளே, இந்த வேலையில் உங்களிடம் யாராவது ஒருநாள் இப்படிக் கேட்பார்கள். கேட்கிறவர் கெட்டவராக இருக்க மாட்டார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கும். மூடினால் அவருக்கு நடை போகும். மூடாவிட்டால் கால் போகும். அவருக்கு மட்டும் இல்லை, அந்தத் தொட்டியில் உணர்ச்சி இல்லாத கால் இன்னும் எத்தனையோ இறங்கிக்கொண்டிருந்தது. சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. அவருக்குத் தெரியாமல் போய்ச் சொல்வதா என்பதில்தான் குழப்பம். பெரியவர்கள் அறைக்குள் போய்ப் பேச எனக்கு எப்போதுமே நாக்கு ஒட்டிக்கொள்ளும். யாரும் பார்க்காதபோது போய்ச் சொல்லிவிட்டு வருவதுதான் எனக்குச் சுலபம்.

“சொல்லத்தான் போறேன் தம்பி” என்றேன். “ஆனா ஒங்களக் கூட்டிக்கிட்டுப் போயிச் சொல்றேன். நீங்களே சொல்லுங்க. தொட்டிய மூடுனா ஒங்களுக்கு என்ன வழின்னும் அங்கயே கேப்போம்.”

அவர் தன் பாதத்தை அவள் மடியிலிருந்து கையால் எடுத்து இறக்கினார். பிறகு லூர்திடம், “சட்டையக் குடு. ஈரத்தோடயா போறது” என்றார்.

வண்டியை நானே தள்ளிக்கொண்டு போனேன். மேனேஜர் சார் எழுந்து நின்று கேட்டார். அடைக்கலம் பூச்சு வேலைக்காரர் பேசுகிற மாதிரியே சொன்னார், எங்கெங்கே போயிருக்கிறது, எவ்வளவு ஆழம், எந்தப் படி மோசம் என்று. சாருடைய முகம் சுருங்கிவிட்டது.

“நல்ல தண்ணிதானங்க விட்டேன்” என்றார் என்னிடம். “எல்லாரும் நல்லாருக்குன்னுதான சொன்னீங்க.”

“நல்லாத்தான் சார் இருந்துச்சு” என்றேன். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெண்ணுக்குப் போன் போட்டோம்.

அவள் மறுநாள் கைக்குழந்தையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்தாள். ஒரு சொட்டு விட்டதும் நீலம். குழாயைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தாள்.

“தண்ணிக்கிச் சுண்ணாம்புப் பசிக்கா” என்றாள். “வேணுங்குற அளவு உள்ள இல்லைன்னா எங்க கெடைக்குதோ அங்க போயித் திங்கும். இங்க அதுக்குக் கெடைச்சது நம்ம தளம்.”

“நான் நல்ல தண்ணி விட்டதாலயாம்மா?” என்றார் சார்.

“குளிக்க நல்ல தண்ணி சார், தொவைக்க நல்ல தண்ணி. சிமெண்டு தொட்டிக்கி அது ஆகாது.”

“எடுக்குறதுக்கு மெஷினு வச்சேன். இப்பப் போடுறதுக்கு மூட்டை வாங்கணுமா?”

“ஆமா சார்.”

“போர்த் தண்ணியவே விட்டுட்டுப் போயிறலாமே.”

“போர்த் தண்ணிக்கி மழைக்கு ஒரு கொணம், வெயிலுக்கு ஒரு கொணம் சார். இரும்பு வேற வரும். இது சுத்தமான தண்ணி. இதுலயே அளந்து சேத்துக்கிட்டா நமக்கு எவ்வளவுன்னு தெரியும்.”

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார். அதற்குள் பிள்ளை என் தோளில் பால் கக்கிவிட்டது.

தொட்டியை வற்றவைத்துத் தளத்தை மறுபடி பூசினார்கள். அடைக்கலத்துக்கு வீட்டிலேயே இரண்டு இரும்புக் குழாயை இடுப்பு உயரத்தில் பதித்து நடுவில் நின்று பழகச் சொன்னார் டாக்டரம்மா. நட்டதென்னவோ நன்றாகத்தான் நட்டார்கள். ஆனால் தண்ணீர் தாங்குகிற மாதிரி குழாய் தாங்குமா? ஒரு தடவை அவர் விழுந்தார். விழுந்தவரைத் தூக்கப்போய் லூர்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பெல்ட் போட்டுக்கொண்டு நிமிர்ந்தே நிற்க வேண்டிய நிலை. அவருடைய தம்பி காலையில் வந்து அவரைக் கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு வேலைக்குப் போவாராம்.

“தம்பி வர்ற நேரம் பாத்து எனக்கு வயித்தக் கலக்கணும்க்கா” என்று போனில் சொன்னார் அடைக்கலம். “அதுக்கு முந்தியும் கூடாது, பிந்தியும் கூடாது. எப்பத் தொறப்பீங்க?”

புதுத் தளம் காய்ந்து, தொட்டி நிறைந்து, கால்சியம் சேர்க்கிற நாள் வந்தது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து ஏற்றுகிற உப்பு அது, வெள்ளையாகச் சின்னச் சின்ன உருண்டையாக இருக்கும். அந்தப் பெண் எனக்கு எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லிக் கொடுத்திருந்தாள். வாளியில் தண்ணீரை ஊற்றிவிட்டு அதற்குள்தான் உப்பைப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். மொத்தத்தையும் ஒரே மூச்சில் சேர்க்கக் கூடாது. தண்ணீரின் புளிப்பை எடுக்கச் சோடா போடுகிற நாளில் இதைப் போடக் கூடாது, தொட்டி பால் மாதிரி ஆகிவிடும். அவளும் வந்து நிற்பதாக இருந்தது. காலையில் பிள்ளைக்குக் காய்ச்சல். நான் தனியாகத்தான் ஆரம்பித்தேன்.

அடுப்பு இல்லாமலே வாளி சுட்டது. கையுறை போட்டிருந்தும் சூடு தெரிந்தது. கரைத்துக் கரைத்துத் தொட்டியைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மோட்டாரை ஓடவிட்டுக் காத்திருந்து, சோதித்து, மறுபடி கரைத்தேன். இதற்கு நடுவே மேனேஜர் சார் நல்ல மனசில் எல்லோருக்கும் சாயங்காலம் தொட்டி திறந்துவிடும் என்று சொல்லிவிட்டார்.

முதலில் வந்தது அடைக்கலம்தான். தம்பியின் ஆட்டோவில் மத்தியானமே வந்து வாசலில் வண்டியில் உட்கார்ந்துவிட்டார். லூர்து பெல்ட்டோடு பக்கத்தில் நின்றாள். பாதத்துப் புண் மூடி இளந்தோல் வந்திருந்தது. இறங்கலாம் என்று டாக்டரம்மாவும் சொல்லியிருந்தார்.

“முடிஞ்சிருச்சாக்கா?”

“இன்னும் பாதிதான் தம்பி ஆயிருக்கு.”

“மூட்டை அங்கதான கெடக்கு. கொட்டிர வேண்டியதுதான?”

“கொட்டக் கூடாது.”

“வாளில எத்தனை நாளா கலக்குவீங்க? நான்னா கலவை போட்டு இந்நேரம் ஒரு மாடி ஏத்திருப்பேன்.”

வெயில் சாய்ந்தபோது சோதித்துப் பார்த்தேன். வேண்டிய சொட்டு இன்னும் வரவில்லை. சார் வந்தார். வாசலில் காத்திருந்தவர்களைப் பார்த்தார்.

“அக்கா, மிச்சத்தையும் சேத்துட்டு ஒரு மணி நேரத்துல எறக்குனா என்ன? பாவம், வந்து ஒக்காந்திருக்காங்க.”

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. பிள்ளையோடு டாக்டரிடம் இருந்திருப்பாள். எனக்குச் சாருக்கு விளக்கிச் சொல்லத் தெரியாது. கரைத்து ஊற்றிய உப்புத் தண்ணீர் கனமானது, அடியில்தான் போய்ப் படுக்கும் என்று அவள் எப்போதோ சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது. ஒரு பாட்டிலைக் கம்பில் கட்டி, கடைசி வாளி ஊற்றிய இடத்தில் அடித்தண்ணீரை எடுத்தேன். மேல் தண்ணீரை இன்னொன்றில் எடுத்தேன். சார், அடைக்கலம், லூர்து மூன்று பேர் முன்னாலும் சொட்டு விட்டேன். மேல் தண்ணீர் சீக்கிரமே நீலமாகிவிட்டது. அடித்தண்ணீர் சிவப்பிலேயே நின்றது. விட விடச் சிவப்பு.

“அடியில அம்புட்டும் கெடக்கு சார்” என்றேன். “மோட்டாரு ராவெல்லாம் ஓடிக் கலக்கணும். மிச்சத்த நாளைக்கிப் போட்டுட்டு, அதுவும் கலந்தப்புறம் எறக்கலாம். இப்ப எறங்குனா இந்த உப்புக்குள்ளதான் கால வைக்கணும். இவருக்கு இளந்தோலு.”

சார் குழாயை வாங்கிப் பார்த்தார். அடைக்கலம்தான் பேசினார்.

“எனக்குத்தான் கால்ல ஒண்ணும் தெரியாதேக்கா. எரியப் போகுதா? எறக்கி விடுங்க.”

“ஒங்களுக்குத் தெரியாது தம்பி. அதுனாலதான் எறங்கக் கூடாது. தெரிஞ்ச காலுன்னா எரியுதுன்னு அதுவே மேல ஏறிரும்.”

அவர் முகம் மாறிவிட்டது. “ஒரு மாசம் கேட்டேன், குடுக்கல. ஒரு நாள் கேக்குறேன், அதுவும் இல்ல” என்றார். லூர்து, “இந்தாங்க, அக்கா நம்ம நல்லதுக்குத்தான” என்று ஆரம்பித்தாள். அவர் வண்டியைத் தானே திருப்பிக்கொண்டார். எப்போதும் “வாரேன்க்கா” என்று சொல்லாமல் போக மாட்டார். அன்று சொல்லவில்லை.

பஸ்ஸில் போகும்போது நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் வீட்டுக்குப் போனேன். சரியென்று நினைத்துச் செய்தாலும் மனசு தெளிந்துவிடாது. தெளியும் என்று நீங்களும் எதிர்பார்க்காதீர்கள். அந்த மனசோடுதான் மறுநாள் வந்து மோட்டாரைப் பார்க்க வேண்டும்.

மறுநாள் மிச்சத்தைச் சேர்த்தேன். அதற்கடுத்த நாள் மேல் தண்ணீரும் அடித்தண்ணீரும் வேண்டிய அளவு சொட்டு விட்டதும் ஒன்றுபோல நிறம் மாறின. அந்தப் பெண் போனில், “தண்ணி சாப்டுருச்சுக்கா, இனி தளத்தத் தொடாது” என்றாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. தொட்டியைத் திறந்தோம். எல்லோரும் வந்தார்கள். அடைக்கலம் வரவில்லை.

அவர் அந்த வாரம் பூராவும் வரவில்லை. நான் போன் பண்ணலாமா என்று நினைப்பேன், கூச்சமாக இருக்கும். பண்ண மாட்டேன்.

பிறகு ஒருநாள் ஆட்டோ வந்து நின்றது. லூர்து இன்னும் பெல்ட்டோடுதான் இருந்தாள். அவர் என்னிடம் பேசவில்லை. படியில் இறக்கி உட்கார வைத்ததும் தண்ணீருக்குள் கையை விட்டார். படி, சுவர், கை எட்டுகிற இடமெல்லாம் தடவிப் பார்த்தார்.

“கொத்தனாரு நல்ல கைக்காரந்தான்” என்றார், தண்ணீரைப் பார்த்து.

“ஆமா தம்பி” என்றேன்.

“இது நிக்குமா?”

“வாராவாரம் சொட்டு விட்டுப் பாத்துருவேன். நிக்கும்.”

அவர் கம்பியைப் பிடித்து எழுந்தார். பழைய இடத்துக்கு வர ரொம்ப நாள் ஆயிற்று. லூர்தால் பெல்ட்டோடு தண்ணீரில் இறங்க முடியாது என்பதால் நான் புடவையைச் செருகிக்கொண்டு எதிரே நின்றேன். கையைப் பிடிக்கவில்லை, விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் கரையில் நின்ற அவளைப் பார்த்தே ஒவ்வொரு காலாக வைத்தார்.

பிறகு அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவது குறைந்து, நின்றுபோனது. நடை தேறியவர்கள் வர மாட்டார்கள், அது நமக்குச் சந்தோஷம்தான். நான் வேலையை விட்டு நின்ற பிறகு ஒரு காலையில் லூர்து போன் செய்தாள். ஏதோ படபடப்பாக இருந்தாள்.

“என்ன லூர்து, என்ன ஆச்சு?”

“இவரு கக்கூசுக்குள்ள போயித் தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டாருக்கா. இதுவரைக்கும் கதவச் சாத்துவாரு, போட மாட்டாரு. நான் வெளியவே நிப்பேன். இன்னிக்கிப் போட்டுட்டாரு.”

“கூப்புட்டுப் பாத்தியா?”

“கூப்புட்டேன். ‘போயி ஒன் வேலையப் பாருடி’ங்குறாரு.” சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. “எனக்கு என்ன வேலக்கா இருக்கு இந்நேரத்துக்கு? இம்புட்டு நாளா இதுதான வேல. கைய எங்க வைக்கிறதுன்னே தெரியல.”

“இடுப்புல வச்சுக்கிட்டு நில்லு” என்றேன்.

அவள் போனைக் கதவோடு ஒட்டிப் பிடித்தாள் போல. உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் போனில் கேட்டது. பிறகு நின்றது. சுவரைப் பிடித்துப் பிடித்து வருகிற மாதிரி ஏதோ உரசுகிற சத்தம். தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.